வாங்கிவிட்ட மீன் கண்ணிலேயே படவில்லையா? ஒளிந்து வாழும் கடல் மீன்களை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழி

மெரைன் டேங்க் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் இந்த ஒரே கேள்விதான். "ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன், விட்ட அன்னைக்குப் பார்த்தது, அப்புறம் ஆளையே காணோம்." கீழக்கரையில் ஒரு காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இன்னும் நேராகவே கேட்டார்: "தம்பி, உசுரோட இருக்கா இல்லையான்னாவது எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு விளக்கம். கல்லைப் புரட்டித் தேடாதீர்கள். ஒளிய இடம் இருப்பதால்தான் ஒளிகிறது என்று நினைத்துக் கற்களைக் குறைக்கவும் செய்யாதீர்கள். ஒளிய இடம் கூடக் கூடத்தான் மீன் வெளியே வரும். கேட்கத் தலைகீழாகத் தெரிந்தாலும் மெரைன் டேங்கில் இதுதான் நடக்கிறது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஓலைக்குடா பக்கமோ பாம்பன் பக்கமோ, கடல் தெளிந்து கிடக்கும் ஒரு காலையில், நீர் வற்றும் நேரமாகப் பார்த்து முகமூடிக் கண்ணாடி போட்டு முழங்கால் ஆழத்தில் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சின்ன டாம்சல் மீன்கள் கிளை பிரிந்த பவளத்துக்கு மேலே கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். கையை ஆட்டினால் ஒரே நொடியில் எல்லாம் கிளைக்குள் போய்விடும், அடுத்த நிமிடம் மறுபடியும் மேலே. ஒவ்வொரு மீனும் தன் பொந்திலிருந்து எவ்வளவு தூரம் போனால் திரும்பி வந்துவிட முடியுமோ அவ்வளவு தூரம்தான் போகிறது. இப்போது நம் வீட்டு டேங்கைப் பாருங்கள். மூன்றடிக் கண்ணாடி, நடுவில் கோபுரம் மாதிரி ஒரே குவியல் கல், இரண்டு பக்கமும் வெறும் மணல், மேலே பகல் முழுக்க எரியும் வெள்ளை எல்இடி. அந்தக் குவியலின் பின்பக்கம் போய் ஒண்டிக்கொள்வதைத் தவிர அந்த மீனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

முதலில், எந்த மீன் என்று பாருங்கள்

சில மீன்கள் பிறவியிலேயே ஒளிகிற ஜாதி, அவற்றை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஸ்குவிரல் மீன், சோல்ஜர் மீன், பெரும்பாலான கார்டினல் மீன்கள், அஞ்சாளை என்கிற கடல் விலாங்கு, இவையெல்லாம் இரவு நேரத்து ஆட்கள். அஞ்சாளையைத் தவிர மற்றவற்றின் பெரிய கண்ணைப் பார்த்தாலே தெரியும். பகலில் நிழலில் நிற்கும், விளக்கை அணைத்தபின் கிளம்பும். இவற்றை வாங்கிவிட்டு மதியம் பன்னிரண்டு மணிக்கு நீந்தவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. ஒரு சிவப்பு எல்இடி பல்பு வாங்கி ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கடல் மீன்களுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, அதனால் நீங்கள் இருப்பதைப் பொருட்படுத்தாமல் அலையும்.

இரண்டாவது, பொந்துக்காரர்கள். ஃபயர்ஃபிஷ், ஜாஃபிஷ், வாட்ச்மேன் கோபி, ராயல் கிராமா, பலவகை பிளென்னிகள். இவை பகலில் விழித்திருக்கும், ஆனால் வீட்டு வாசலை விட்டு அதிகம் நகராது. வீட்டை நன்றாக அமைத்துக் கொடுத்தால் நாள் முழுக்க வாசலில் நிற்கும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

மூன்றாவது, மணலுக்குள் போய்த் தூங்கும் ராஸ் வகைகள், குறிப்பாக ஹாலிகோரஸ். சாயங்காலம் ஆனதும் மணலில் புதைந்து மறுநாள் காலை எழும். புதிதாக வந்தது இரண்டு மூன்று நாள்கூட வெளியே வராமல் கிடக்கும். தூர தேசத்திலிருந்து வந்ததாக இருந்தால் அதன் கடிகாரம் அந்த ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், நம் மதியம் மூன்று மணிக்கே படுக்கப் போய்விடும். ஒரு வாரத்தில் நம் நேரத்துக்கு வந்துவிடும். அதற்குள் பொறுமையில்லாமல் மணலைக் கிளறினால் பயந்து, காயமும் பட்டுக்கொள்ளும்.

கிளவுன் மீன், டாம்சல், குரோமிஸ், சர்ஜன் மீன்கள் மாதிரியானவை ஒளியும் ஜாதி கிடையாது. புதிதாக வந்து ஒரு வாரம் கழிந்தபின்னும் இவை மூலையில் ஒண்டிக் கிடந்தால் அது கூச்சம் இல்லை. டேங்கில் ஏதோ சரியில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

பொந்து கட்டுவது

முதல் விதி, கல் மணல்மேல் உட்காரக்கூடாது, டேங்கின் அடிக்கண்ணாடிமேல் உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் மணல் போட வேண்டும். ஜாஃபிஷும் கோபியும் கல்லுக்கு அடியில்தான் தோண்டும், மணல்மேல் நிற்கும் கல் ஒரு நாள் அதன் தலையிலேயே இறங்கும். கண்ணாடியும் போகும்.

இரண்டாவது, ஒரே குவியல் வேண்டாம். நான்கு பக்கமும் சிதறலாக, சின்னச் சின்னத் தீவுகளாக அடுக்குங்கள், ஒரு தீவுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரையடி முக்காலடிக்கு மேல் வெட்டவெளி இருக்கக்கூடாது. மீன் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடிப் பழகும், அந்த ஓட்டத்தில்தான் உங்கள் கண்ணில் படும். முன் கண்ணாடிக்குப் பக்கத்திலும் பொந்து இருக்க வேண்டும். எல்லோரும் கல்லைப் பின்சுவர் ஓரமாக அடுக்கிவிட்டு முன்பக்கத்தைக் காலியாக விடுகிறார்கள், பிறகு மீன் பின்னாலேயே இருக்கிறது என்கிறார்கள்.

மூன்றாவது, பொந்தின் அளவு. மீனின் உடம்பைவிடச் சற்றே பெரிய வாய் போதும். பெரிய குகை கட்டிக் கொடுத்தால் சின்ன மீன் அதில் நிம்மதியாக இருக்காது, ஏனென்றால் தன்னைத் தின்கிற மீனும் அதில் நுழையும் என்று அதற்குத் தெரியும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாய் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மீனுக்கு ஒரு பொந்து என்று கணக்குப் போடாமல் இரண்டு மூன்று என்று வையுங்கள். ஃபயர்ஃபிஷ், கிராமாவுக்கு முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தும். ஹார்டுவேர் கடையில் மிச்சம் மீதித் துண்டாகவே கிடைக்கும். அதைக் கல்லுக்கு அடியில், ஒரு வாய் முன் கண்ணாடியைப் பார்த்தபடி, செருகிவிடுங்கள். மேலே மணலைத் தள்ளிவிட்டால் குழாய் என்றே தெரியாது, கொஞ்ச நாளில் செம்பாசி ஏறிக் கல் நிறத்துக்கு வந்துவிடும்.

மணல், ராஸ் வகைக்கு இரண்டு மூன்று அங்குலமாவது ஆழம் வேண்டும், நுண்ணிய மணலாக. ஜாஃபிஷுக்கு நான்கைந்து அங்குலம், அதுவும் வெறும் மணலாக இல்லாமல் உடைந்த சிப்பி, சிறு கல் கலந்தது. அது கல் கட்டிச் சுவர் எழுப்பும் மீன். வெறும் நைஸ் மணலில் தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருக்கும், அது தோண்டிக்கொண்டே இருக்கும், கடைசியில் சோர்ந்து போய்த் துள்ளி வெளியே விழும்.

இந்த இடத்தில் நம் கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். "கடல்தான் வாசலில் இருக்கே, ரெண்டு பாறையை அள்ளிட்டு வந்தா போச்சு" என்று தோன்றும். அள்ளாதீர்கள். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைக் கரையில் பாறை என்று கிடப்பதில் நிறைய செத்த பவளம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் 2001-லேயே சேர்க்கப்பட்டது. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படித்தான். உயிரோடு இருந்தாலும் காய்ந்து கிடந்தாலும் கணக்கு ஒன்றே. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டது, அங்கே மீன் பிடித்து வருவதும் கூடாது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரில் பவளக்கல்லைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தக் காலம். அப்படி வெட்டி வெட்டித்தான் நிறையப் பாறை போனது.

பதிலுக்கு என்ன? மெருகு ஏற்றாத மண்பானை ஓடு, மண்தொட்டி ஓடு, செராமிக் கல். கொஞ்சம் கைவேலை பிடித்தவர்கள் சிமெண்டில் செய்யலாம், ஈர மணலில் குழி பறித்து அதில் சிமெண்டுக் கலவையை ஊற்றி, நடுவில் ஈர மணல் உருண்டைகளை வைத்தால் இறுகியபின் மணலைத் தட்டிவிட்டால் பொந்து தயார். ஆனால் சிமெண்டுக் கல்லை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அடிக்கடி தண்ணீர் மாற்றி, அந்தத் தண்ணீரின் பிஎச் ஏறாமல் நிற்கும்வரை, நான்கு முதல் ஆறு வாரம், காத்திருக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டால் டேங்கின் காரத்தன்மை எகிறும்.

அப்புறம் மூடி. ஒளிகிற மீன்களில் நிறைய துள்ளுகிற மீன். ஃபயர்ஃபிஷ் பயந்தால் முதலில் பொந்தைத் தேடும், பொந்து பக்கத்தில் இல்லையென்றால் மேலே பாயும், காலையில் சோபாவுக்கு அடியில் கருவாடாகக் கிடைக்கும். கண்ணாடி மூடி போட்டால் நம் ஊர் வெயிலுக்கு உள்ளே சூடு ஏறும், காற்றும் குறையும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவரிடமே டேங்க் அளவுக்கு ஒரு ஃப்ரேம் செய்யச் சொல்லுங்கள், ஆனால் வலை பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு வலை உப்புக்காற்றில் ஒரு மாதம் தாங்காது.

வெளிச்சமும் டேங்க் நிற்கும் இடமும்

கதவுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, கிரைண்டர் ஓடும் அடுப்படிச் சுவரை ஒட்டி வைத்த டேங்கில் கூச்ச மீன் வளராது. அதிர்வு தண்ணீரில் நம் காதைவிட நன்றாகக் கேட்கும். உயரமும் முக்கியம். முழங்கால் உயர ஸ்டாண்டில் வைத்தால் நீங்கள் வரும்போதெல்லாம் மேலிருந்து ஒரு நிழல் இறங்குகிறது, கொக்கு நாரைக்குப் பயந்து பிறந்த ஜாதிக்கு அது போதும். உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு நேராக டேங்கின் நடுப்பகுதி வரும்படி ஸ்டாண்டு உயரம் இருக்கட்டும், நின்று பார்க்கிற இடம் என்றால் இன்னும் உயரம்.

பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஏறும் பாசியைத் தேய்க்காமல் விடுங்கள். அறை இருட்டாகவும் டேங்க் வெளிச்சமாகவும் இருந்தால் உள்ளிருந்து பார்க்கிற மீனுக்கு அந்தக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது, தன் உருவத்தையே வேறொரு மீன் என்று நினைத்துப் பதுங்கும். பாசி அதை மறைக்கும். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு நல்ல சாக்கு வேறெங்கும் கிடைக்காது.

விளக்கு பட்டென்று எரியக்கூடாது. டிம்மர் இருந்தால் அரை மணி நேரத்தில் மெதுவாக ஏறும்படி வையுங்கள், இல்லையென்றால் அறை விளக்கை முதலில், டேங்கின் நீல விளக்கைப் பிறகு, வெள்ளையைக் கடைசியில். புதிய மீன் வந்த முதல் நாள் முழுக்க டேங்க் விளக்கே வேண்டாம், அடுத்த இரண்டு மூன்று நாள் நீலம் மட்டும் போதும். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க இருட்டுப் பெட்டியில் வந்த மீனை வெள்ளை விளக்குக்கு நேராக விடுவது கொடுமை. அப்படி வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பதும் தப்பு. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறுகிறது, பிஎச் ஏறினால் பயணத்தில் சேர்ந்த அம்மோனியா விஷமாகிறது. விற்பவரிடம் அவர் தண்ணீரின் அடர்த்தியை முன்பே கேட்டு, அதே அளவில் ஒரு தனித் தொட்டியைத் தயாராக வைத்து, பையை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்ததும் மீனை மட்டும் மாற்றுங்கள். அந்தத் தொட்டியிலும் இரண்டு குழாய்த் துண்டு இருக்கட்டும்.

கூட யார் இருக்கிறார்கள்

ஒளிகிற மீனை முதலில் விட வேண்டும், ரவுடியைக் கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. டாம்சல் விலை மலிவு, எதையும் தாங்கும் என்று முதலில் வாங்கிப் போடுவார்கள். மூன்று புள்ளி டாம்சல் குட்டியாக இருக்கும்போது கறுப்பு வெல்வெட்டில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி அத்தனை அழகு, வளர்ந்தபின் மூன்றடி டேங்க் முழுக்க அதன் பட்டா நிலம். டாட்டிபேக், ஸிக்ஸ் லைன் ராஸ் இரண்டும் அதே ரகம். ஃபயர்ஃபிஷ் இருக்கிற டேங்கில் இவை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஏற்கெனவே இருந்தால்? பிடித்து, காய் கழுவும் பிளாஸ்டிக் வடிகூடையில் போட்டு, கூடையை டேங்கிலேயே ஒரு வாரம் தொங்கவிடுங்கள். கூச்ச மீன் அதற்குள் ஊரைச் சுற்றிப் பார்த்து இடம் பிடித்துவிடும், வெளியே வரும் ரவுடி புது ஆளாகிவிடுவான். அப்படியும் அடங்கவில்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

துணைக்கு நல்லவர்களும் உண்டு. மேல்தண்ணீரில் சாவகாசமாக நீந்தும் மூன்று நான்கு குரோமிஸோ, ஒரு ஜோடி கிளவுன் மீனோ இருந்தால் கீழே இருப்பவை அவற்றைப் பார்த்துத் தைரியம் கொள்ளும். மேலே சாதாரணமாக நீந்துகிறார்கள் என்றால் பெரிய மீன் எதுவும் சுற்றவில்லை என்று பொருள், கடலிலும் இப்படித்தான். கிளவுன் வாங்குவதானால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தார் கிளவுன் மீன்களையும் சில டாம்சல் வகைகளையும் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், அப்படிப் பிறந்தது பெல்லட் (உருண்டைத் தீனி) தின்று, மனித முகம் பார்த்து வளர்ந்தது. ஆளைக் கண்டால் ஓடாது, ஆளை நோக்கித்தான் வரும், மற்றதும் அதைப் பார்த்துப் பழகும்.

வாட்ச்மேன் கோபியை மட்டும் தனியே வாங்காமல் பிஸ்டல் இறாலோடு சேர்த்து வாங்குங்கள். இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு, அது வளை தோண்டிக்கொண்டே இருக்கும், கோபி வாசலில் காவல் நிற்கும், இறால் தன் மீசையை எப்போதும் கோபியின் உடம்பில் வைத்துக்கொண்டே மண் சுமக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு ஆட்டு ஆட்டும், இரண்டும் உள்ளே. தனியாக விட்ட கோபி கல்லுக்குப் பின்னால் கிடக்கும், இறாலோடு இருக்கும் கோபி நாள் முழுக்க வாசலில் நிற்கும். வித்தியாசத்தைப் பார்த்தால் அந்த இறாலுக்குக் கொடுத்த காசு பெரிதாகத் தெரியாது.

சாப்பாடுதான் உண்மையான சாவி

ஒளிகிற மீன் பயத்தில் சாவதில்லை, பசியில்தான் சாகிறது. நாம் மேலே தூவுகிற தீனி கீழே போவதற்குள் கிளவுனும் டாம்சலும் முடித்துவிடுகின்றன. அதனால் தீனியைப் பொந்துக்கே கொண்டுபோக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பெரிய சிரிஞ்சு, ஊசி வேண்டாம், முனையில் ஏர் பம்ப் குழாய் ஓரடி. முதலில் டேங்கின் ஒரு மூலையில் பெல்லட் தூவி வேகமானவற்றை அங்கே கூட்டிவிடுங்கள். பவர்ஹெட்டை (உள்ளே நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரை) அணையுங்கள், பத்து நிமிடம் போதும், திரும்பப் போட மறக்காதீர்கள். பிறகு மறுமூலையில், பொந்து வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, மெதுவாக ஒரு சொட்டு. பொந்துக்குள்ளேயே பீய்ச்சினால் மீன் பயந்து பின்னால் போகும், தீனி அழுகும். தினமும் அதே நேரம், அதே இடம், அதே கை. கொஞ்ச நாளில் குழாயைப் பார்த்ததும் தலை வெளியே வரும். அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு விரல் தூரம் தள்ளித் தள்ளிக் கொடுத்து வாருங்கள்.

என்ன கொடுப்பது என்பதில் நம் கரைக்காரர்களுக்குக் குறையே இல்லை. பச்சைக் கூனி இறால் கிடைக்கும்போது வாங்கி, அலசி, மெல்லிய தட்டையாக ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும். உப்புப் போட்டு உலர்த்திய கூனியைச் சொல்லவில்லை. இறாலும் கணவாயும் கத்தியால் மசிய நறுக்கிக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் சின்ன வாய்க்காரர்களுக்கு மீன் சினைக்கு நிகர் எதுவும் இல்லை. முட்டை முட்டையாக உதிரும், தண்ணீரில் மிதந்து வரும், பட்டினி கிடக்கும் மீனும் அதைக் கண்டால் வாய் திறக்கும். சாளை மாதிரி எண்ணெய் மீனின் சதை வேண்டாம், மேல்தண்ணீரில் படலம் கட்டும். எதுவானாலும் ஃப்ரீசரில் கிடந்தபின் கொடுங்கள், பச்சையாகக் கொடுத்தால் கடலில் இருக்கும் ஒட்டுண்ணி உங்கள் டேங்குக்கு வந்து சேரும்.

இரவு மீன்களுக்கு விளக்கணைத்து அரை மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். மாண்டரின் மீனைப் பற்றி ஒரே வரி: அது கல்லில் ஊரும் கோப்பிபாட் என்ற பொடி ஓட்டுயிரியை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்கிற மீன், ஒரு வருடமாவது ஓடிப் பழகிய பெரிய டேங்க் இல்லாதவர்கள் அதை வாங்கக்கூடாது.

வாங்குவதற்கு முன் கடையிலேயே தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தென்கிழக்கு ஆசியக் கடல்களில் சயனைடு அடித்து மீன் பிடிக்கும் வழக்கம் உண்டு, அப்படிப் பிடித்தது பார்க்க நன்றாகவே இருக்கும், நீந்தும், ஆனால் சாப்பிடாது, வீட்டுக்கு வந்து சில வாரத்தில் போய்விடும். கடைக்காரர் "வீட்டுக்குப் போனா சாப்பிடும் தம்பி" என்றால் சரி அண்ணே, சாப்பிட்டதும் வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

தண்ணீர், வெயில், கரண்ட்

சுருக்கமாக. கடல் தண்ணீர் எடுப்பவர்கள் காற்றைப் பார்த்து எடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிக் கிடக்கும், அப்போது வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் எடுக்கலாம். வாடைக் காலத்தில் தலைகீழ், வடகடல் கலங்கும், மழையால் உப்பும் இறங்கும், தென்கடலே மேல். கடல் பச்சைப் பாசி பூத்திருக்கும் நாட்களில், 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் மீன் செத்து ஒதுங்கியதே அந்த மாதிரி நேரத்தில், ஒரு குடம்கூட வேண்டாம். எடுத்த தண்ணீரைத் துணியில் வடித்து, மூடிய டிரம்மில் இருட்டில் ஒரு வாரம் இரண்டு வாரம் வைத்து, தெளிந்ததை மட்டும் இறக்குங்கள். அடர்த்தி 1.023 முதல் 1.025.

வெயில் காலத்தில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். குறைந்ததைக் கடல் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை நம்ப வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் என்றால் குளோரின் போக நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து மறுநாள் ஊற்றுங்கள். சூடு 25 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது, சித்திரை வைகாசியில் அது முப்பதைத் தாண்டும், தண்ணீரின் மேல் வீசுமாறு ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

கூச்சமா, சீக்கா?

மூச்சைப் பாருங்கள். பொந்துக்குள் இருந்தாலும் செவுள் மூடி நிதானமாக அசைந்து, வயிறு ஒட்டாமல், தீனிக்குத் தலை காட்டினால் அது நலமாக இருக்கிறது, நாள் முழுக்க வெளியே வராவிட்டாலும் சரி. செவுள் படபடவென்று அடித்து, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கி, சில நேரம் பவர்ஹெட் பீய்ச்சும் நீரோட்டத்துக்கு நேராகப் போய் நின்று, உடம்பில் மஞ்சள் தூள் தூவின மாதிரி மினுக்கம் தெரிந்தால் வெல்வெட் நோய். நாட்கணக்கில் கொல்லும், காத்திருக்கக் கூடாது. உப்புப் பரல் மாதிரி வெள்ளைப் புள்ளி என்றால் இக் நோய். இரண்டுக்கும் தாமிர மருந்து தனித் தொட்டியில் மட்டும், அளவு பார்க்கும் கிட் வைத்துக்கொண்டு. பெரிய டேங்கில் ஊற்றினால் இறாலும் சங்கும் சாகும், கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிவைத்துப் பிறகு கக்கும்.

எல்லா மீனும் ஒரே நாளில் ஒளிந்தால் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். பம்பிலிருந்து கரண்ட் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் வயர் உறை சீக்கிரம் வெடிக்கும், இது மீனுக்கு மட்டும் அல்ல, உங்கள் கைக்கும் ஆபத்து, டேங்க் லைனுக்கு இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்சு) போடாமல் உள்ளே கை விடாதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மாதக்கணக்கில் பொந்தில் இருந்த மீன் ஒரு நாள் திடீரென்று வெட்டவெளியில் அசையாமல் நின்றால், மேல்தண்ணீரில் வாய் பிளந்து நின்றால், "அப்பாடா, கூச்சம் போச்சு" என்று வீடியோ எடுக்கக் கூடாது. ஒன்று காற்று போதவில்லை, இல்லையென்றால் உடம்பு முடியவில்லை, அதுவும் இல்லையென்றால் பொந்தை வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். உடனே ஏர் பம்பைப் போடுங்கள், சூட்டைப் பாருங்கள், பிறகு மற்றதைத் தேடலாம்.

ஆளையே காணோம் என்றால்

முதலில் டேங்குக்கு வெளியே தேடுங்கள். ஸ்டாண்டுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், எறும்பு வரிசை போகிற திசையில். பிறகு ஓவர்ஃப்ளோ பெட்டி, ஃபில்டர் சாக்ஸ், சம்ப் (டேங்குக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி). சம்பில் குரோமிஸ் உயிரோடு திரிவது அடிக்கடி நடக்கிறது. அங்கும் இல்லையென்றால் ராத்திரி விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு சுற்று பாருங்கள், அல்லது பழைய போனை டேங்க் முன் நிறுத்தி ரெக்கார்டில் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் உலாவுகிற மீன் நிறைய உண்டு.

மூன்று நாள் அம்மோனியா சோதியுங்கள். ஏறவில்லையென்றால் கல்லைத் தொட வேண்டியதில்லை. சின்ன மீன் ஒருவேளை செத்திருந்தாலும் நண்டும் இறாலும் சங்கும் ஒரே இரவில் சுத்தம் செய்துவிடும், நீங்கள் கல்லைப் பிரித்தால் எலும்புகூடக் கிடைக்காது, இருக்கிற மற்ற மீன்களுக்குத்தான் வீடு போகும். தீனியை மட்டும் வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில், கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு மாதம் கழித்தும் எந்த அடையாளமும் இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு மீன் வாங்கலாம், ஆனால் அதே ஜாதியில் இன்னொன்று வேண்டாம். ஃபயர்ஃபிஷ் ஜோடி சேராவிட்டால் ஒன்றை ஒன்று விரட்டும், பழையது உள்ளே உயிரோடு இருந்தால் சண்டை அன்று இரவே தொடங்கும்.